எது எதற்குள்? – பால்மங்களும் ஒரு மஞ்சள் நிறத்தின் வழக்கும்

நல்ல கலைச்சொற்கள் சில சமயம் மூலச் சொல்லை அறியாமலே அதன் வேரைத் தொட்டுவிடுகின்றன. 'எமல்ஷன்' என்னும் சொல்லுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'பால்மம்' அத்தகையது. ஆங்கிலச் சொல்லின் பின்னால் இருப்பது 'எமுல்கேரே' என்னும் இலத்தீன் வினை. பால் கறத்தல் என்பது அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருந்தாளர்கள் பாதாம் பருப்பை நீர் விட்டு அரைத்துப் பிழிந்தெடுத்த வெண்ணிறச் சாற்றுக்கு இப்பெயரை வைத்தார்கள். பசுவிடம் கறக்காத ஒன்றைப் பால் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் உருவகம் தேவைப்பட்டது. தேங்காயைத் துருவிப் பிழிந்ததைப் பால் என்றே சொல்லிப் பழகிய நமக்கு அந்த உருவகம் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

இக்கட்டுரையின் பொருள் பால்மங்களும் அவற்றின் வகைப்பாடும். வேதியியல் பாடமொன்றை இலக்கிய வாசகர்கள் முன் வைப்பது என் நோக்கமன்று. ஒரே பொருளை அறிவியல் ஒருவிதமாகவும் சட்டம் வேறுவிதமாகவும் வகைப்படுத்தியபோது நிகழ்ந்தவற்றைச் சொல்வதே நோக்கம். அந்த வரலாற்றில் ஒரு பேரரசர் வருகிறார். ஏழைகளின் ரொட்டி வருகிறது. ஒரு நிறத்தின் மீது விதிக்கப்பட்ட வரியும், ஒரு சிறுவெளியீட்டுக்காகத் தன் கல்லூரியை விட்டு வெளியேறிய ஒரு பொருளியல் பேராசிரியரும் வருகிறார்கள். ஆயினும் வகைப்பாடு என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் வழக்கு விளங்காது.

1

ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்களில் ஒன்று மிகச்சிறு துளிகளாகப் பிரிந்து மற்றொன்றுக்குள் பரவி நிற்பதே பால்மம். பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்று நீர், மற்றது ஏதேனும் ஓர் எண்ணெய் அல்லது கொழுப்பு. துளியாகப் பிரிந்து கிடப்பதைப் பிரிகை நிலைமை என்றும், அதைச் சூழ்ந்து தொடர்ச்சியாக நிற்பதைப் பிரிகை ஊடகம் என்றும் சொல்வார்கள். சாதாரணப் பால்மங்களில் துளியின் விட்டம் மைக்ரோமீட்டர் அளவுகளில் இருக்கும். பசும்பாலின் கொழுப்புத் துளிகள் பெரும்பாலும் சுமார் 3 முதல் 4 மைக்ரோமீட்டர் விட்டமுடையவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரோமீட்டர்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த நுண்மை புலப்படும்.

பாலின் வெண்மையும் இத்துளிகளாலேயே பெரிதும் உண்டாகிறது. கொழுப்புக்கும் நீருக்கும் இயல்பில் வெண்ணிறம் இல்லை. கோடிக்கணக்கான துளிகளின் விளிம்புகளில் பட்டு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறுவதால் கண் அதை வெண்மை என்று அறிகிறது.

ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் ஒரே உருண்டையாக இருக்கும்போது அதன் புறப்பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதையே ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு ஆறு சதுர மீட்டர்; ஒரு சிறிய அறையின் தரைக்குச் சமம். விரும்பாத இரண்டு திரவங்கள் இவ்வளவு பெரிய எல்லையில் நெருங்கி நிற்பதற்கு ஆற்றல் செலவாகிறது. அதனால்தான் கடைய வேண்டியிருக்கிறது, குலுக்க வேண்டியிருக்கிறது. கை ஓய்ந்ததும் துளிகள் மீண்டும் கூடி, எல்லையைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு அடுக்குகளாகப் பிரிந்துவிடுகின்றன. அப்படிப் பிரியாமல் காக்க மூன்றாவதாக ஒன்று தேவை. ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் விரும்பும் மூலக்கூறுகளாலானது அது. அதற்குப் பால்மமாக்கும் காரணி என்று பெயர். பாலில் அந்த வேலையைக் கொழுப்புத் துளியைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் புரதங்களும் செய்கின்றன. முட்டையின் மஞ்சட் கருவில் லெசித்தினும் புரதங்களும் செய்கின்றன.

2

பால்மங்களைப் பிரிக்கும் முதல் கேள்வி, எது எதற்குள் இருக்கிறது என்பது. நீருக்குள் எண்ணெய்த் துளிகள் இருந்தால் ஒரு வகை: பால், தேங்காய்ப்பால், மயோனைஸ். எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் இருந்தால் மற்றொரு வகை: வெண்ணெய், முகத்திற்குப் பூசும் சில களிம்புகள். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியவர்களுள் முக்கியமானவர் ஜெர்மானியரான வோல்ஃப்காங் ஆஸ்ட்வால்ட், ஆண்டு 1910. எந்த வகை என்று கண்டறிவதும் எளிது. பாலில் நீர் ஊற்றினால் கலந்துவிடும், ஏனெனில் அதன் வெளிநிலை நீர். வெண்ணெயில் ஊற்றிய நீர் ஒட்டாமல் நிற்கும். நீர் வெளிநிலையாக இருந்தால் மின்சாரத்தை நன்கு கடத்தும், எண்ணெய் வெளிநிலையாக இருந்தால் கடத்தாது.

இவ்விரண்டு வகைகளும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்பதை நம் வீடுகளில் மத்துப் பிடித்த கைகள் எல்லாம் செய்து காட்டியிருக்கின்றன. தயிரைக் கடையும்போது கொழுப்புத் துளிகளின் மேலுறை கிழிகிறது. பாதி உறைந்த கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. இதுவரை வெளியே இருந்த நீரில் ஒரு பகுதி துளிகளாக உள்ளே சிறைப்படுகிறது. மற்றது மோராக வெளியேறுகிறது. நீருக்குள் கொழுப்பாக இருந்தது கொழுப்புக்குள் நீராக ஆகிவிட்டது. கொழுப்பு முழுவதும் உருகிய நிலையில் இருந்தால் திரளாது என்பதால்தான் கடைவதற்கு விடியற்காலையின் குளிர்ச்சியோ குளிர்ந்த நீரோ வேண்டியிருந்தது. ஆய்ச்சியர் குரவையில் தீநிமித்தங்களாகச் சொல்லப்படுபவற்றுள் பால் உறையாமற் போனதும், உறியில் இருந்த வெண்ணெய் உருகாமற் போனதும் இடம்பெறுவதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் செல்வதே இப்பொருள்களின் இயல்பு என்பதை ஆயர் மகளிர் எவ்வளவு கூர்ந்து அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

எது அதிகமோ அதுவே வெளிநிலையாகும் என்று தோன்றுவது இயற்கை. ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் அவை இடத்தில் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது என்பது வடிவியல் உண்மை. அந்த எல்லையைத் தாண்டினால் பால்மம் புரண்டுவிட வேண்டும் என்பதே ஆஸ்ட்வால்டின் வாதம். ஆனால் மயோனைஸ் இதற்குக் கட்டுப்படுவதில்லை. அதன் எடையில் எண்பது விழுக்காடு வரை எண்ணெயாக இருக்கலாம். ஆயினும் எண்ணெய்தான் உள்ளே இருக்கிறது. மிகச் சிறுபான்மையான நீர் வெளியே நின்று அதைச் சூழ்ந்திருக்கிறது. துளிகள் பல அளவுகளில் இருப்பதும், நெருக்கத்தில் அவை வடிவம் சிதைந்து இடம் கொடுப்பதும் இதற்குக் காரணம்.

அப்படியானால் வெளிநிலையைத் தீர்மானிப்பது எது? 1913இல் அமெரிக்க வேதியியலாளர் வைல்டர் பான்கிராஃப்ட் சொன்ன விதி இன்றும் வழங்குகிறது. இரண்டு திரவங்களில் எதில் காரணி அதிகம் கரைகிறதோ அதுவே வெளிநிலை ஆகும். எண்ணிக்கைப் பெரும்பான்மை இங்கே முடிவு செய்வதில்லை. இடையில் நிற்கும் சிறு பொருளின் சார்பே முடிவு செய்கிறது. இந்தச் சார்பை எண்ணாக்கிக் காட்டியவர் வில்லியம் கிரிஃபின். 1949இல் அவர் வெளியிட்ட அளவுகோலில் 3 முதல் 6 வரை மதிப்புள்ள காரணிகள் எண்ணெய்க்குள் நீரை வைக்கும்; 8 முதல் 18 வரையுள்ளவை நீருக்குள் எண்ணெயை வைக்கும். காரணி கரையும் பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மிக நுண்ணிய திண்மத் துகள்களும் துளிகளைச் சுற்றி அரண் அமைக்கும். இதை 1903இல் வால்டர் ராம்ஸ்டென் கவனித்தார். 1907இல் பெர்சிவல் பிக்கரிங் விரிவாக எழுதினார். பிக்கரிங்கின் ஆய்வு பழத்தோட்டப் பூச்சிகளைக் கொல்லும் எண்ணெய்த் தெளிப்புகளைச் சார்ந்தது. இவ்வகைப் பால்மத்தை இன்றும் பிக்கரிங் பால்மம் என்றே அழைக்கிறார்கள்.

வேறு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துளிக்குள் துளி வைத்த பன்னிலைப் பால்மங்கள் உண்டு. அவற்றில் நீருக்குள் எண்ணெயும் அந்த எண்ணெய்க்குள் மறுபடியும் நீரும் இருக்கும். 1943இல் ஹோர், ஷுல்மன் என்னும் இருவர் விவரித்த நுண்பால்மம் கண்ணுக்குத் தெளிந்த திரவமாகவே தோன்றும். அதில் துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. மற்றப் பால்மங்களைப் போல அது நாளடைவில் பிரிந்துவிடுவதும் இல்லை.

பெயரால் மட்டும் பால்மமாக இருப்பவையும் உள்ளன. புகைப்படச் சுருளின் மேற்பூச்சை உலகமே எமல்ஷன் என்று சொன்னது. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் கண்டறிந்த அந்தப் பூச்சில் ஜெலட்டினுக்குள் பரவியிருந்தவை வெள்ளி உப்பின் திண்மப் படிகங்கள். இரண்டு திரவங்கள் இல்லாத இடத்தில் பால்மம் இல்லை. ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. பெயரும் பொருளும் இப்படி விலகி நிற்பது அறிவியலில் பெரும்பாலும் தீங்கற்ற நிகழ்ச்சி. சந்தையிலும் நீதிமன்றத்திலும் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய நகரங்கள் தொழிலாளர்களால் நிரம்பின. வெண்ணெய் அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. ரொட்டியில் தடவக் கொழுப்பு இல்லையென்றால் உழைப்பவனுக்கு உடல் தாங்காது. போர்வீரனுக்கும் மாலுமிக்கும் கெடாமல் இருக்கும் கொழுப்பு வேண்டும். பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வெண்ணெய்க்கு மலிவான மாற்றொன்றைத் தேடச் செய்தார். அத்தேவைக்கு விடை கண்டவர் இப்போலிட் மேஜ்-மூரியே. 1817இல் பிறந்தவர். 1869 ஜூலையில் அவர் காப்புரிமை பெற்றார்.

அவருடைய ஊகம் எளிமையானது. தீவனம் குறைந்த பசுவின் பாலிலும் கொழுப்பு இருக்கிறது என்றால், அது பசுவின் உடற்கொழுப்பிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஆகவே மாட்டுக் கொழுப்பை மென்சூட்டில் உருக்கி, அழுத்தி, கெட்டியான பகுதியை நீக்கினார். எஞ்சிய மென்மையான பகுதியைக் கொழுப்பு நீக்கிய பாலோடு சேர்த்துக் கடைந்தார். மடித் திசுவையும் நறுக்கிச் சேர்த்தார். அது தேவையில்லை என்பது பின்னர் தெரிந்தது. கிடைத்த பொருள், குளிரச் செய்து பிசைந்தபோது, வெண்ணெய் போலவே ரொட்டியில் பரவியது.

அதற்கு அவர் வைத்த பெயரிலும் ஒரு கதை உண்டு. 1813இல் வேதியியலாளர் செவ்ரல் ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிரித்து, அதன் முத்துப் போன்ற ஒளியால், முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மார்கரிக் அமிலம்' என்று பெயரிட்டார். அது தனிப்பொருள் அன்று, இரண்டு அமிலங்களின் கலவையே என்று 1853இல் ஹைன்ட்ஸ் நிறுவினார். ஆனால் பெயர் அதற்குள் புழக்கத்தில் வந்துவிட்டது. செவ்ரல் எண்ணிய வடிவில் இல்லாத ஓர் அமிலத்தின் பெயரைத் தாங்கி மார்கரின் பிறந்தது.

1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டது, பேரரசர் வீழ்ந்தார். மறு ஆண்டு மேஜ்-மூரியேயின் முறை நெதர்லாந்தின் ஓஸ் என்னும் ஊரைச் சேர்ந்த யூர்கென்ஸ் என்னும் வெண்ணெய் வணிகக் குடும்பத்தின் கைக்குச் சென்றது. அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் தொழிலில் இறங்கியது. கண்டுபிடித்தவர் 1880இல் மறைந்தார். அவ்விரு குடும்பங்களின் தொழில்களும் 1927இல் ஒன்றாயின. பின்னர் 1929இல் எட்டிய உடன்பாட்டின்படி லீவர் சகோதரர்களின் சோப்பு நிறுவனத்தோடு இணைந்து யூனிலீவர் உருவானது.

இங்கே நம் வகைப்பாட்டை நினைவுகூர வேண்டும். வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு, 16 விழுக்காடு அளவில் நீர். நீர் துளிகளாகக் கொழுப்புக்குள் இருக்கிறது. பழைய முறை மார்கரினிலும் ஏறத்தாழ அதே அளவுகள், அதே அமைப்பு. எது எதற்குள் என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு. நாக்கு அதை ஓரளவு அறியும். கண் அறியாது, நிறம் ஒன்றாக இருந்தால்.

4

அமெரிக்காவில் இந்த 'நிறம் ஒன்றாக இருந்தால்' என்பதே எண்பது ஆண்டு வழக்காயிற்று. பால் பண்ணையாளர்களின் குறையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மார்கரினை வெண்ணெய் என்று சொல்லி விற்ற வணிகர்கள் இருந்தார்கள். அது வாங்குபவரையும் ஏமாற்றியது, பண்ணையாளரின் விலையையும் சரித்தது. ஏமாற்றைத் தடுக்கச் சட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்த சட்டங்கள் ஏமாற்றைத் தடுப்பதோடு நிற்கவில்லை.

1886இல் நடுவண் அரசு மார்கரின் மீது பவுண்டுக்கு இரண்டு சென்ட் வரி விதித்தது. உற்பத்தியாளர் ஆண்டுக்கு 600 டாலர், மொத்த வணிகர் 480 டாலர், சில்லறை வணிகர் 48 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1902இல் திருத்தம் வந்தது. மஞ்சள் நிறமூட்டிய மார்கரினுக்குப் பவுண்டுக்குப் பத்து சென்ட் வரி. நிறமூட்டாததற்குக் கால் சென்ட் மட்டுமே. பொருள் ஒன்றுதான், நிறத்திற்கு நாற்பது மடங்கு வரி.

இதில் மறைந்திருந்த முரணைக் கவனிக்க வேண்டும். வெண்ணெயின் மஞ்சளும் எப்போதும் இயற்கையானதாக இருக்கவில்லை. பச்சைப்புல் மேயும் பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் உலர்ந்த வைக்கோலைத் தின்னும் பசுவின் வெண்ணெய் வெளிறியிருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே நிறம் காட்ட வெண்ணெய்க்காரர்களும் அன்னாட்டோ போன்ற விதைச் சாயத்தைச் சேர்த்தார்கள். 1886ஆம் ஆண்டுச் சட்டமே வெண்ணெய்க்கு இலக்கணம் வகுக்கும்போது நிறமூட்டப்பட்டாலும் ஊட்டப்படாவிட்டாலும் அது வெண்ணெய்தான் என்று ஏற்றுக்கொண்டது. ஒரே சாயம், ஒன்றில் அழகு, மற்றொன்றில் குற்றம்.

சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட சில இடங்களில் மார்கரினுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஊட்டியே விற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். இளஞ்சிவப்பு வெண்ணெயை யார் ரொட்டியில் தடவுவார்கள்? விற்பனையை அனுமதிப்பது போல் காட்டி அதை இயலாததாக்கும் அந்தச் சட்டத்தை 1898இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் மஞ்சள் மீதான தடைகள் தொடர்ந்தன. நிறுவனங்கள் வெள்ளை மார்கரினோடு சிறிய சாயப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து விற்றன. வாங்கியவர்கள் சமையலறையில் அமர்ந்து சாயத்தைக் கையால் பிசைந்து மஞ்சளாக்கினார்கள். அரை நூற்றாண்டுக் காலம் எளிய குடும்பங்களின் பெண்கள், பெரும்பாலும் சிறுமிகள், செய்த வேலை அது. சட்டம் அவர்களைப் பொருளைக் கொண்டு அடையாளப்படுத்தியது. வெள்ளைத் தடவல் வைத்த ரொட்டி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லாமலே அறியலாம்.

நடுவண் வரி 1950இல்தான் நீக்கப்பட்டது. மஞ்சள் மார்கரின் தடையைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1967. கனடாவில் கதை இன்னும் நீண்டது. அங்கே 1886இல் மார்கரின் முற்றாகத் தடை செய்யப்பட்டு, முதல் உலகப் போரை ஒட்டிச் சில ஆண்டுகள் தளர்த்தப்பட்டு, 1948இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடிவுற்றது. மறு ஆண்டு நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தபோது, அந்த இணைப்பு விதிகளில் மார்கரினுக்கென்றே ஒரு பிரிவு எழுதப்பட்டது. ஒரு நாடு தன் தனித்தன்மையைத் துறந்து இன்னொன்றோடு சேரும் ஆவணத்தில், ஏழை மீனவர் ரொட்டியில் தடவுவதற்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. கியூபெக் மாகாணம் மஞ்சள் நிறத் தடையை 2008இல்தான் நீக்கியது.

5

இந்த வரலாற்றில் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1943, இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதி. அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவராக இருந்தவர் தியடோர் ஷுல்ட்ஸ். போர்க்கால உணவுக் கொள்கை பற்றி அத்துறை வெளியிட்ட சிறுவெளியீடுகளில் ஐந்தாவது, பால் உற்பத்தியைப் போர்க்காலத் தேவைக்கு ஏற்ப மாற்றியமைப்பது பற்றியது. எழுதியவர் ஆஸ்வால்ட் பிரவுன்லீ என்னும் இளம் ஆய்வாளர். மார்கரின் உணவுச் சத்திலும் சுவையிலும் வெண்ணெய்க்கு ஈடுகொடுக்கக் கூடியது; போர்க்காலத்தில் அதன் மீதான தடைகளை நீக்குவது நாட்டுக்கு நல்லது என்று அது சொன்னது.

அயோவா பால் பண்ணைகளின் மாநிலம். அரசுக் கல்லூரியின் வருவாய் மாநிலச் சட்டமன்றத்தின் கையில். பால் பண்ணை அமைப்புகள் கொதித்தெழுந்தன. கல்லூரித் தலைமை வெளியீட்டைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட ஒப்புக்கொண்டது. உண்மை என்று ஆய்ந்தறிந்ததைச் சொல்ல ஒரு துறைக்கு உரிமை உண்டா, அல்லது ஊதியம் தருபவரின் நலனுக்கு ஏற்ப உண்மையின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. ஷுல்ட்ஸ் பதவி விலகிச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவரைப் போலவே வேறு சிலரும் வெளியேறினார்கள். திருத்திய வெளியீடு 1944இல் வந்தது. ஷுல்ட்ஸ் 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏழை நாடுகளின் உழவர்களைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் அதற்கு முக்கிய காரணம்.

பரிசு பின்னால் வந்ததால் அவர் செய்தது சரியாகிவிடவில்லை. பரிசு வராமல் போயிருந்தாலும் அது சரியே. பெரிய உண்மைகளுக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் பற்றி நாம் வகுப்பில் பேசுகிறோம். ரொட்டியில் தடவும் பொருளைப் பற்றிய ஒரு சின்ன உண்மைக்காக ஒருவர் தன் துறையை விட்டு வெளியேறினார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சிறிய உண்மைகளிடத்தில் விட்டுக்கொடுக்கப் பழகியவருக்குப் பெரிய உண்மையின் முன் நிற்கும் வலிமை திடீரென்று வந்துவிடாது.

6

இதே வழக்கு இந்தியாவில் வேறு உருவில் நடந்தது. இங்கே போட்டி வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் இடையே அன்று, நெய்க்கும் வனஸ்பதிக்கும் இடையே. இவை இரண்டும் பால்மங்கள் அல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும். வெண்ணெயை உருக்கும்போது உள்ளிருந்த நீர் சடசடத்து ஆவியாகிவிடுகிறது. எஞ்சும் நெய்யில் இரண்டாவது திரவம் இல்லை. வனஸ்பதியும் நீரற்ற கொழுப்பே. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்து உறைய வைக்கும் முறைக்கு வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். அந்த முறை மார்கரினை மாட்டுக் கொழுப்பிலிருந்து விடுவித்துத் தாவர எண்ணெய்களிடம் கொண்டுவந்தது; இந்தியாவில் வனஸ்பதியைத் தந்தது. ஓஸ் நகர வணிகர்களும் லீவரும் சேர்ந்து உருவான அதே நிறுவனத்தின் வழியாக 1937இல் டால்டா இங்கே வந்தது.

நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பார்கள் என்ற அச்சம் உண்மையானது. ஆகவே வனஸ்பதிக்கு நிறமூட்ட வேண்டும் என்ற கோரிக்கை இங்கும் எழுந்தது. ஆனால் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதி வேறு. வனஸ்பதியில் குறைந்தது ஐந்து விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்பது அது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள் ஃபர்ஃபுராலோடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் சேர்ந்தால் சிவக்கும். போடுவான் சோதனை என்று அதற்குப் பெயர். நெய் என்று விற்கப்படுவதில் அந்தச் சிவப்புத் தோன்றினால் அதில் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று அறியலாம்.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, பொருளின் முகத்தில் அடையாளம் இட்டது. வாங்கியவர் தன் தட்டிலும் அதைச் சுமந்தார். மற்றொன்று, அடையாளத்தைப் பொருளுக்குள் மறைத்து வைத்தது. ஏமாற்றுபவனைச் சோதனைக்குழாயில் மட்டும் அது காட்டிக்கொடுத்தது. நேர்மையாக வாங்கி உண்டவரை அது வெளிப்படுத்தவில்லை. இந்திய விதியை வகுத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ, ஏழையின் தட்டுக்கு ஒரு கண்ணியத்தை விட்டுவைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

7

கதை இங்கே முடிந்திருந்தால் மார்கரின் அநீதிக்கு ஆளான எளிய பொருளாகவும், வெண்ணெய்த் தரப்பு ஆதிக்கத்தின் உருவமாகவும் நின்றுவிடும். வரலாறு அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. எண்ணெயை ஓரளவு மட்டும் ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது டிரான்ஸ் கொழுப்புகள் உருவாகின்றன. அவை இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கின்றன என்று 1990இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், கட்டன் இருவரும் காட்டினார்கள். மார்கரின் செழித்த நாட்டிலிருந்தே அந்த எச்சரிக்கை வந்தது. 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கருத முடியாது என முடிவு செய்தது. இந்தியாவில் 2022 முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் தொழில்முறை டிரான்ஸ் கொழுப்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. மார்கரின் செய்முறைகளும் பல இடங்களில் மாறிவிட்டன.

இதிலிருந்து பண்ணையாளர்கள் தொடக்கத்திலேயே சரியாகச் சொன்னார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. அவர்கள் தடுக்க முயன்றது மஞ்சளை. தீங்கு மஞ்சளில் இல்லை. மேஜ்-மூரியேயின் மார்கரினில் ஹைட்ரஜனேற்றிய கொழுப்பே கிடையாது. எண்பது ஆண்டுகள் நிறத்தைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே இருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. எது எதற்குள் என்ற வேதியியலாளரின் வகைப்பாடும் அந்தத் தீங்கைக் காட்டவில்லை. துளியின் இருப்பிடத்தை அது சொல்லும், துளியைச் சூழ்ந்த கொழுப்பின் குணத்தைச் சொல்லாது. ஒவ்வொரு வகைப்பாடும் ஒரு கேள்விக்கு விடையாகவே பிறக்கிறது. அந்தக் கேள்வியின் எல்லைக்கு வெளியே உள்ளவற்றை அது பார்ப்பதில்லை.

அதே வகைப்பாடு உயிர்காக்கும் இடமும் உண்டு. வாயால் உண்ண இயலாத நோயாளிக்குக் கொழுப்பை நேரே இரத்தத்தில் செலுத்துவது நெடுங்காலம் இயலாததாக இருந்தது. எண்ணெயை அப்படியே செலுத்தினால் அது நாளத்தை அடைத்துவிடும். பருத்திவிதை எண்ணெயைக் கொண்டு செய்த பால்மங்கள் கடுமையான பக்க விளைவுகளால் கைவிடப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் சுவீடனின் அர்விட் வ்ரெட்லின்ட், சோயா எண்ணெயை முட்டை லெசித்தின் கொண்டு நீருக்குள் மிகச்சிறு துளிகளாக நிறுத்தி அதைச் சாதித்தார். இன்றும் மருத்துவமனைகளில் பால் போன்ற வெண்ணிறத்தில் சொட்டும் அந்தத் திரவம் குறைமாதக் குழந்தைகளையும் குடல் பழுதுற்றவர்களையும் காக்கிறது. நீர் வெளியே, எண்ணெய் உள்ளே. துளி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே. அங்கே எது எதற்குள் என்பதில் பிழை நேர்ந்தால் விலை ஓர் உயிர்.

அந்தக் குப்பியின் முன் யாரும் நிறத்தைப் பற்றி வழக்காடுவதில்லை. துளி எவ்வளவு சிறியது, எண்ணெய் எதிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் பிரியாமல் நிற்கும் என்பவையே அங்கு கேட்கப்படுகின்றன. ரொட்டித் தட்டின் முன்னும் நாம் அந்தக் கேள்விகளையே முதலில் கேட்டிருக்கலாம்.